வீட்டில் பதினைந்து நாளுக்கு அரிசி இருக்கிறதா?

2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. தமிழ்நாடு அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஞாயிறு காலை 6 மணி முதல் புதன் இரவு 9 மணி வரை சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் முழு ஊரடங்கு. மளிகைக் கடைகூடத் திறக்காது. நடுவில் இருந்தது சனிக்கிழமை ஒன்றுதான்.

மறுநாள் விடிந்ததும் சென்னை கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. ஒரு மாதமாக வாசலைத் தாண்டாதவர்கள்கூடப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கோயம்பேடு சந்தையில் தோளோடு தோள் உரசும் கூட்டம். தரையில் போட்டிருந்த வெள்ளை வட்டங்களை யாரும் பார்க்கவில்லை. பகல் ஒரு மணிக்கு மூட வேண்டிய கடைகளுக்கு அன்று மட்டும் மூன்று மணி வரை நேரம் நீட்டித்தார்கள். கூட்டம் அப்போதும் குறையவில்லை. எல்லார் மனதிலும் இருந்தது ஒரே கணக்குதான்: நாலு நாளைக்குக் காய் வேண்டும், பருப்பு வேண்டும், பிள்ளைக்குப் பால் வேண்டும்.

அன்று தமிழ்நாட்டில் உறுதியான கொரோனா தொற்று மொத்தம் 1,821. பத்தே நாளில், மே 5 அன்று, கோயம்பேடு சந்தையை இழுத்து மூடியபோது அந்த எண் 4,058 ஆகியிருந்தது. சந்தையில் மூட்டை சுமந்தவர்களும் லாரியில் வந்து போனவர்களும் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் என்று சொந்த ஊர் திரும்பினார்கள். நோயும் அவர்களோடு ஊர் போய்ச் சேர்ந்தது. அந்த ஒரு சனிக்கிழமைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. சந்தைக்குள் கிருமி அதற்கு முன்பே நுழைந்திருந்தது. ஆனால் நெருக்கத்தில் பரவும் ஒரு நோய்க்கு அதைவிட வசதியான ஒரு காலைப்பொழுதை யாரும் அமைத்துக் கொடுத்திருக்க முடியாது.

அன்று வீட்டில் பதினைந்து நாளுக்கான அரிசியும் பருப்பும் கிழங்கும் வைத்திருந்தவர்கள் அந்தக் கூட்டத்துக்குள் போகவில்லை. போக வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. கொள்ளைநோய்க் காலத்தில் வீட்டில் உணவுப்பொருள் சேர்த்து வைக்கலாமா என்ற கேள்வியை நான் இங்கிருந்துதான் பார்க்கிறேன். சேர்த்து வைக்க வேண்டும். ஆனால் நோய் ஊருக்குள் வருவதற்கு முன்பே வைத்திருக்க வேண்டும். வந்தபிறகு அள்ளிக் குவிப்பது வேறு காரியம். அது நம்மையும் காப்பதில்லை, அடுத்தவரையும் காப்பதில்லை.

மாதக் கடைசியில் வந்த ஊரடங்கு

அந்த ஆண்டின் முதல் ஊரடங்கு அறிவிப்பு வந்தது மார்ச் 24 அன்று. அன்று மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. இரவு 8 மணிக்குத் தொலைக்காட்சியில் தோன்றிய பிரதமர், நள்ளிரவு முதல் 21 நாளைக்கு நாடு முழுவதும் ஊரடங்கு என்றார். அவர் பேசி முடிக்கும் முன்பே பல ஊர்களில் மக்கள் கடைகளை நோக்கி ஓடினார்கள். அதற்கு ஐந்து நாள் முன்பு, மார்ச் 19 அன்று, பதறிப்போய்ப் பொருள் வாங்கிக் குவிக்க வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டிருந்தார். அத்தியாவசியப் பொருள்கள் தொடர்ந்து கிடைக்கும் என்று அரசு திரும்பத் திரும்பச் சொன்னது. எதுவும் காதில் விழவில்லை.

மக்களுக்குப் பேராசை, சுயநலம் என்று அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. 24ஆம் தேதி என்றால் நம் வீடுகளில் என்ன நிலவரம்? சம்பளம் வாங்கும் குடும்பம் மளிகைப் பட்டியலை அண்ணாச்சி கடையில் கொடுப்பது மாதத்தின் முதல் வாரத்தில். 24ஆம் தேதிக்குத் துவரம்பருப்பு டப்பாவில் கைவிட்டால் அடி தட்டும். எண்ணெய் இன்னும் ஒரு வாரத்துக்குத் தாங்கினால் பெரிது. பணமும் அப்படித்தான், கடைசி நோட்டுகள். அந்த நிலையில் இருக்கும் ஒரு வீட்டுக்கு மூன்று வாரம் எல்லாம் மூடிவிடும் என்று நாலு மணி நேர அவகாசத்தில் சொன்னால் அந்த வீட்டுப் பெண் கடைக்கு ஓடாமல் என்ன செய்வார்? அடுப்படிக் கணக்கு தெரிந்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவர் மேல் குற்றம் இல்லை. மாதக் கடைசியில் டப்பாக்கள் காலியாக இருக்கும்படி நம் வாழ்க்கை அமைந்துவிட்டதில்தான் குறை இருக்கிறது. அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே ஓர் இரவோ ஒரு பகலோ மட்டும் விட்ட அரசுகளுக்கும் அதில் பங்கு உண்டு.

ஓராண்டு கழித்து, 2021 மே மாதத்தில் இதையே இன்னொரு முறை பார்த்தோம். மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு என்றார்கள். அதற்கு முந்தைய சனி, ஞாயிறு எல்லாக் கடைகளையும் திறக்கச் சொன்னார்கள், பேருந்துகளையும் ஓட விட்டார்கள். இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம் அது. தியாகராய நகரிலும் கோயம்பேட்டிலும் மறுபடி அதே கூட்டம். ஆனால் இந்த முறை ஒரு நல்ல காரியமும் நடந்தது. ஊரடங்கு தொடங்கியதும் தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சிகளும் ஆயிரக்கணக்கான வண்டிகளில் காய்கறிகளைத் தெருத்தெருவாகக் கொண்டுவந்தன. வண்டி வாசலுக்கு வரும் என்று தெரிந்த தெருக்களில் பதற்றம் தணிந்தது. அந்த ஏற்பாட்டை இரண்டு நாள் முன்னதாகவே தொடங்கி, அப்படித் தொடங்கப்போகிறோம் என்பதை உரக்கச் சொல்லியிருந்தால் சனி, ஞாயிறு கூட்டத்தில் பாதியாவது வீட்டிலேயே இருந்திருக்கும்.

தானியம் இருந்தது, அலமாரி காலியானது

நாட்டில் அரிசி இல்லாமலா கடை அலமாரிகள் காலியாகின? இல்லை. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் மத்தியத் தொகுப்பில் அரிசியும் கோதுமையுமாக ஐந்தரைக் கோடி டன்னுக்கு மேல் இருந்தது. விதிப்படி அந்தத் தேதியில் இருப்பு இருக்க வேண்டிய அளவு 2.1 கோடி டன்தான். தேவையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கையில் இருந்தது. ஆனால் கிடங்கில் இருக்கும் அரிசி தானாக நடந்து அண்ணாச்சி கடைக்கு வராது. மூட்டை தூக்க ஆள் வேண்டும், லாரி ஓட வேண்டும், மாநில எல்லையில் மறிக்காமல் விட வேண்டும், பருப்பு மில்லில் வேலைக்கு ஆள் வர வேண்டும். ஊரடங்கின் முதல் பத்து நாளில் இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் இற்றது.

கடைக்காரரின் கணக்கு வேறு. அவர் தெருவில் எத்தனை வீடு, வாரத்துக்கு எவ்வளவு ஓடும் என்று பார்த்துத்தான் சரக்குப் பிடிக்கிறார். ஒரே நாளில் தெருவில் இருக்கும் எல்லாரும் வழக்கத்தைவிட மூன்று பங்கு வாங்கினால் எந்தக் கடையும் தாங்காது. மதியத்துக்குள் அலமாரி காலி. காலி அலமாரியைப் பார்த்தவர் வீட்டுக்குப் போய்ச் சொல்வார், அதைக் கேட்டவர் இன்னொரு கடைக்கு ஓடுவார். விலையும் ஏறும். அச்சம் உண்டாக்கிய தட்டுப்பாடு உண்மையான தட்டுப்பாடாகவே மாறிவிடும்.

இதே வாரங்களில் நாமக்கல்லில் நடந்தது நேர் எதிர். கோழியால் கொரோனா பரவுகிறது என்ற வதந்தியால் முட்டையை வாங்க ஆளில்லை. பண்ணைக் கொள்முதல் விலை சரிந்து, கோடிக்கணக்கில் முட்டைகள் தேங்கின. தருமபுரி, விழுப்புரம் பக்கம் தர்பூசணி வயலிலேயே வெடித்தது. வாழைத்தாரை வெட்ட ஆள் கூலி கட்டுப்படியாகாமல் விட்ட விவசாயிகள் உண்டு. நகரத்தில் ஒரு கிலோ பருப்புக்கு வரிசை, கிராமத்தில் விளைந்தது மண்ணில். வதந்தியை நம்பாமல் ஒரு வீடு இரண்டு அட்டை முட்டை வாங்கி வைத்திருந்தால், அதைவிட மலிவான, சத்தான இருப்பு அன்று வேறில்லை.

சிங்கப்பூரையும் சொல்ல வேண்டும். அங்கே பிப்ரவரி 7 அன்று அரசு நோய் எச்சரிக்கை நிலையை ஆரஞ்சு நிறத்துக்கு உயர்த்தியது. அன்று இரவே பேரங்காடிகளில் அரிசி, நூடுல்ஸ், கழிவறைத் தாள் என்று அலமாரிகள் காலியாகின. லிட்டில் இந்தியாவின் கடைகளில் பொருள் வாங்கும் நம் குடும்பங்களும் அந்தப் பதற்றத்துக்கு விலக்கல்ல. தன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் தீவு அது, பயம் வருவது இயல்பு. ஆனால் அந்த அரசிடம் ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. அரிசி இறக்குமதி செய்பவர் ஒவ்வொருவரும் இரண்டு மாத இறக்குமதிக்கு ஈடான அரிசியைக் கிடங்கில் வைத்தே ஆக வேண்டும். கடைகள் ஆளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு கட்டின, கிடங்கிலிருந்து சரக்கு வந்தது, சில நாளில் அலமாரிகள் நிரம்பின. நிரம்பிய அலமாரியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மக்கள் அமைதியானார்கள். அமைச்சர்களின் வேண்டுகோளால் ஆகாததை அரிசி மூட்டை செய்தது.

இலங்கை வேறு பாடம். 2020 மார்ச் 17 அன்று அரசு மைசூர்ப் பருப்புக்குக் கிலோ 65 ரூபாய், டின் மீனுக்கு 100 ரூபாய் என்று உச்ச விலை வைத்தது. விலை தாளில் இருந்தது, பருப்பு பல கடைகளில் இல்லை. மூன்று நாளில் ஊரடங்கு. யாழ்ப்பாண மாவட்டம் அதிக ஆபத்துள்ள பகுதியாக அறிவிக்கப்பட்டு ஏப்ரல் 20 வரை கிட்டத்தட்ட ஒரு மாதம் அடைபட்டுக் கிடந்தது. ஆனால் 1990-களின் பொருளாதாரத் தடையை வாழ்ந்து கடந்த சனம் அது. கடையை நம்பி இருக்கக் கூடாது என்பதை அங்குள்ள மூத்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒடியலும் புழுக்கொடியலும் அரிசி மாவும் கருவாடும் வீட்டில் இருப்பது அவர்களுக்குப் பழக்கம்.

நம் வீடுகளில் இருந்த பழக்கம்

தமிழ்நாட்டிலும் இது பழக்கமாகத்தான் இருந்தது. கோடையில் புளி வாங்கி, கொட்டை எடுத்து, உப்பு தூவிப் பானையில் அடைப்பார்கள், ஒரு வருஷத்துக்கு. மிளகாய் வற்றலும் மல்லியும் அறுவடை முடிந்து விலை இறங்கும்போது மொத்தமாக வரும். தென்மாவட்டங்களில் துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்து எடுத்து வைப்பார்கள், வண்டு அண்டாது. அரிசிப் பானையில் வேப்பிலையும் வசம்பும், பயறில் விளக்கெண்ணெய்ப் பூச்சு. சுண்டை வற்றல், மணத்தக்காளி வற்றல், மோர்மிளகாய், கூழ்வடகம், ஊறுகாய். கடற்கரை ஊர்களில் கருவாடு, கறி தின்னும் வீடுகளில் உப்புக்கண்டம். நெல்லுக்குக் குதிரும் பத்தாயமும். மழை பெய்து வெளியே போக முடியாத ஐப்பசி, கார்த்திகைக்கும், அறுவடைக்கு முந்தைய பஞ்ச மாதங்களுக்கும் சேர்த்துத்தான் இந்த ஏற்பாடு.

நகரத்து அடுக்ககம் இதைக் கைவிட்டதற்குக் காரணம் உண்டு. இடமில்லை, காயப்போட மொட்டை மாடி இல்லை, வேலைக்குப் போகும் பெண்ணுக்கு நேரமில்லை. கடை கீழேயே இருக்கிறது. இப்போது பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்து தரும் செயலிகளும் வந்துவிட்டன. கொத்தமல்லிக்கட்டு ஒன்றுக்குக்கூட வண்டி வருகிறது. சில நகர வீடுகளில் மூன்று நாளுக்கு மேல் அரிசி இருப்பதில்லை. ஊர் ஓடிக்கொண்டிருக்கும் வரை இது வசதிதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பால் பாக்கெட் நூறு ரூபாய்க்கு விற்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் பாலுக்காக மக்கள் தெருத்தெருவாக அலைந்தார்கள். நமக்கு இந்த இருப்பு கொள்ளைநோய்க்கு மட்டும் வேண்டியதல்ல. கடலோர நகரத்தில் வசிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் தேவைப்படக்கூடியது.

ஏன் பதினைந்து நாள்?

இரண்டு மாதத்துக்கு ஏன் வேண்டாம், மூன்று நாள் ஏன் போதாது? நோயின் கணக்கே விடை தருகிறது. கொரோனாவில் கிருமி உடம்பில் நுழைந்து அறிகுறி காட்ட அதிகபட்சம் 14 நாள் என்று கொண்டார்கள். ஒரு வீட்டில் ஒருவருக்குத் தொற்று வந்தால் வீடு முழுக்க இரண்டு வாரம் தனிமை. வாசலில் மாநகராட்சி ஒட்டிய அறிவிப்பு, சில தெருக்களில் தகரத் தடுப்பு. அந்த வீடுகளுக்குப் பொருள் வாங்கித் தர மாநகராட்சி தன்னார்வலர்களை அமர்த்தியது. அவர்கள் நிறைய உழைத்தார்கள், ஆனால் எல்லா வீட்டுக்கும் எல்லா நாளும் அவர்களால் போய்ச் சேர முடிந்ததில்லை. வீட்டில் இருப்பு இல்லாத குடும்பத்தில் யாராவது ஒருவர் இருட்டிய பிறகு முகத்தை மூடிக்கொண்டு கடைக்குப் போனார். போகாமல் என்ன செய்வார்? பதினைந்து நாள் இருப்பு என்பது அந்த ஒருவரை வீட்டில் நிறுத்தும். நம் வீட்டுக் கிருமி அண்ணாச்சி கடை வரிசைக்குப் போகாமல் காக்கும். இதில் சுயநலம் எங்கே இருக்கிறது?

எல்லா நோய்க்கும் ஒரே இருப்பு பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். அங்கே தேவைப்பட்டது அரிசி மூட்டை அல்ல. கொதிக்க வைத்த தண்ணீர், அதைக் கொதிக்க வைக்க எரிவாயு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், சோப்பு. டெங்குவுக்குக் கடையை யாரும் மூடப்போவதில்லை, தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதுதான் அங்கே முதல் வேலை. நிபா வந்தபோது கோழிக்கோட்டில் சில வார்டுகளை மட்டும் அடைத்தார்கள். 2023 செப்டம்பரில் அந்த வார்டுகளில் அத்தியாவசியக் கடைகள் குறிப்பிட்ட நேரத்துக்குத் திறந்தே இருந்தன. அடைபட்ட வார்டில் இருப்பவருக்கு வீட்டிருப்பு உதவும். நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் செய்தியைப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடுவதில் ஒரு பயனும் இல்லை.

நாலு பேர் உள்ள வீட்டுக்குப் பதினைந்து நாளுக்கு என்ன வேண்டும்? அரிசி, கோதுமை மாவு, ரவை, கேழ்வரகு எல்லாம் சேர்த்து 15 கிலோ. துவரம்பருப்பு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, உளுந்து சேர்த்து 4 கிலோ. எண்ணெய் 2 லிட்டர். புளி, உப்பு, மிளகாய், மல்லி, வெல்லம் வழக்கமாக இருப்பவை. காய்க்குப் பதறத் தேவையில்லை. சேனைக்கிழங்கு, கருணை, உருளை, வெங்காயம், வெட்டாத பரங்கி, பூசணி எல்லாம் குளிர்பெட்டி இல்லாமலே இரண்டு வாரம் நிற்கும். முளைகட்டிய பயறு பச்சைக் காய்க்கு நல்ல மாற்று, அரை நாளில் ஊறி ஒன்றரை நாளில் முளைவிடும். வற்றல் இருந்தால் குழம்பு இருக்கிறது. ஒரு பால்பவுடர் பொட்டலம், ஓர் அட்டை முட்டை. நெருக்கடியில் எல்லாரும் முதலில் அள்ளும் பிஸ்கட்டும் நூடுல்ஸும் வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்குப் பாசிப்பருப்புக் கஞ்சி வேண்டும்.

அரிசியைவிட முக்கியமான ஒன்றைப் பல வீடுகள் மறந்துவிடுகின்றன: மருந்து. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தைராய்டுக்கும் வலிப்புக்கும் தினமும் மாத்திரை போடுகிறவர் வீட்டில் இருந்தால், கையில் ஒரு மாதத்துக்கு மாத்திரை இருக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. கைக்குழந்தை இருக்கும் வீடு, கர்ப்பிணி இருக்கும் வீடு, மாதவிடாய்க்கு நாப்கின் தேவைப்படும் வீடு தங்கள் கணக்கைத் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது சிலிண்டர் காலியாகக் கிடந்தால் அதற்கு இன்றே பதிவு செய்யுங்கள். பருப்பு இருந்து அடுப்பு எரியாவிட்டால் என்ன பயன்?

இவை அனைத்தையும் ஒரே நாளில் வாங்கச் சொல்லவில்லை. வழக்கமான மாதப் பட்டியலில் ஒவ்வொன்றிலும் கால் கிலோ, அரைக் கிலோ கூட்டிக்கொண்டே போனால் மூன்று, நான்கு மாதத்தில் இருப்பு சேர்ந்துவிடும். கடைக்காரருக்கும் அது சுமையாகாது, பக்கத்து வீட்டுக்காரருக்கும் குறைவு வராது. முதலில் வாங்கியதை முதலில் எடுத்துச் சமைத்து, புதியதைப் பின்னால் வைத்தால் எதுவும் கெட்டும் போகாது. ஈரம் பட்ட கடலையும் பூசணம் பிடித்த தானியமும் விஷம், அவற்றைப் புடைத்துக் காயவைத்துச் சாப்பிட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

சேர்த்து வைக்க முடியாதவர்கள்

மேலே சொன்ன பட்டியலுக்கு இன்றைய விலையில் சுமார் 3,000 ரூபாய் ஆகும். மாதச் சம்பளக்காரருக்கு அது சிரமப்பட்டுச் சமாளிக்கக்கூடிய தொகை. அன்றன்று கூலி வாங்கி, மாலையில் அரைக் கிலோ அரிசியும் ஐந்து ரூபாய் எண்ணெய்ப் பொட்டலமும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் கட்டடத் தொழிலாளிக்கு? பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் மூட்டையை எங்கே வைப்பார்? இந்தியாவில் உழைப்பவர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் அமைப்புசாரா வேலையில் இருப்பவர்கள். இருப்பு வையுங்கள் என்று அவர்களிடம் சொல்வதற்கு எந்த அரசுக்கும் உரிமை கிடையாது. அவர்களுக்காக இருப்பு வைக்க வேண்டியது அரசுதான்.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டு, 1918. கப்பல்கள் போருக்குப் போயின, பர்மா அரிசி வரத்து குறைந்தது, அரிசியும் துணியும் மண்ணெண்ணெயும் எட்டாத விலைக்குப் போயின. பருவமழையும் பொய்த்தது. வியாபாரிகள் பதுக்கினார்கள். அந்த ஆண்டு மதராஸ் மாகாணத்தின் பல ஊர்களில் ஏழைகள் சந்தைகளைச் சூறையாடினார்கள். செப்டம்பரில் மதராஸ் நகரத்திலேயே கடைகள் கொள்ளை போயின. அதை ஒட்டித்தான் இன்புளூயன்சாவின் கொடிய இரண்டாம் அலை வந்து இறங்கியது. இந்தியாவில் அந்தக் காய்ச்சலுக்கு ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் மடிந்தார்கள். பசித்த உடம்பில் காய்ச்சல் வேகமாக வேலை செய்யும் என்பதை அறிய அன்று ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை.

நூறாண்டு கழித்து 2020-ல் அதே நகரத்தில் யாரும் அரிசிக் கடையை உடைக்கவில்லை. அதற்கு முதன்மையான காரணம், என் கணிப்பில், நம் தெருமுனையில் இருக்கும் ரேஷன் கடை. வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரிக்காமல் எல்லாருக்குமான பொது விநியோகத்தைத் தமிழ்நாடு விடாப்பிடியாக வைத்திருந்தது. 2011 ஜூனிலிருந்து அரிசி விலையில்லாமல் வருகிறது. ஊரடங்கு வந்ததும் இரண்டு கோடி அரிசி அட்டைகளுக்கு 1,000 ரூபாயும், ஏப்ரல் மாத அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கட்டணமில்லாமல் தருவதாக அறிவித்தார்கள். நாளும் நேரமும் குறித்த டோக்கனை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள், கூட்டம் சேராமல் இருக்க. கோயம்பேட்டில் செய்யாததை ரேஷன் கடையில் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். சென்னையில் அம்மா உணவகங்கள் ஒருநாளும் அடுப்பை அணைக்கவில்லை. 2021-ல் ஆட்சி மாறியது, அட்டைக்கு 4,000 ரூபாயும் 14 மளிகைப் பொருள்கள் அடங்கிய தொகுப்பும் வந்தன. யார் கொடுத்தார்கள் என்பதைவிட, கொடுப்பதற்கு ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது என்பதே பெரிது.

அந்த ஏற்பாட்டில் பெரிய ஓட்டையும் இருந்தது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து திருப்பூரிலும் கோவையிலும் சென்னைக் கட்டடங்களிலும் வேலை செய்தவர்களின் அட்டை அவர்கள் ஊரில் கிடந்தது. இங்கே அவர்களுக்கு டோக்கன் இல்லை. சிலருக்குத் தங்குமிடத்தில் அரிசி கொடுத்தார்கள், சமைக்க அடுப்பு இல்லை. பலர் நடக்கத் தொடங்கினார்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2020 அக்டோபர் 1 அன்று, ஊரடங்கு வந்து ஆறு மாதம் கழித்து. எல்லா மாநிலங்களும் 2021 ஜூலை 31-க்குள் அதைச் செயல்படுத்த வேண்டும், புலம்பெயர் தொழிலாளர்களுக்குச் சமூகச் சமையலறைகள் நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அடுத்த நோய் வரும்போது அந்த அட்டை இயந்திரத்தில் விரல் வைத்தால் வேலை செய்யுமா, அந்தச் சமையலறைகளுக்கு இடமும் பாத்திரமும் குறித்து வைத்திருக்கிறார்களா என்று இப்போதே கேட்க வேண்டும். நோய் வந்தபிறகு கேட்டால் பதில் வராது.

நோய் வந்துவிட்டால்

வீட்டில் எதுவும் இல்லாத நேரத்திலேயே அறிவிப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு முறை இருக்கிறது. பதினைந்து நாளுக்கு மட்டும் வாங்குங்கள். மூட்டை மூட்டையாக வேண்டாம். நீங்கள் எடுக்கும் மூன்றாவது பருப்புப் பொட்டலம் உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவருடையது. அண்ணாச்சிக்குத் தொலைபேசியில் பட்டியலைச் சொல்லி, கூட்டம் இல்லாத நேரத்தில் போய் எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு ஒருவர் போனால் போதும், அது வயதானவராக இருக்க வேண்டாம். தெருவில் வரும் காய்கறி வண்டிக்காரரை விடாதீர்கள், பெரிய சந்தைக்குப் போகும் தேவையை உங்களுக்கு இல்லாமல் செய்பவர் அவர்தான். விலையைப் பேரம் பேசிக் குறைக்க வேண்டிய நேரமும் அதுவல்ல.

அரசுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முழு அடைப்பு தேவை என்றால் அடையுங்கள். ஆனால் கடையைப் பூட்டும் அறிவிப்போடு சேர்த்து, எந்தத் தெருவுக்கு எப்போது வண்டி வரும், எந்த நாளில் எந்த அட்டைக்கு ரேஷன், தனித்து இருக்கும் முதியவர் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதையும் அதே நேரத்தில் சொல்லுங்கள். அந்த மூன்று வரி இருந்திருந்தால் 2020 ஏப்ரல் 25 காலை வேறு மாதிரி இருந்திருக்கும்.

இந்த மாத மளிகைப் பட்டியல் எழுதும்போது அரிசியில் இரண்டு கிலோ, பருப்பில் அரைக் கிலோ கூட்டி எழுதுங்கள். உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம், வாசலில் காவல் இருப்பவரிடம், ரேஷன் அட்டை இருக்கிறதா, அதில் எல்லார் பெயரும் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பிக்க உதவுங்கள்.